சிவப்பு அட்டை

இங்கிட்டு வாங்க தங்கச்சி, ஜன்னல் ஓரமே உக்காந்துக்கங்க. எனக்கு இந்த அனல் காத்து ஆகாது. பையைக் குடுங்க, மடியில வச்சுக்கிர்றேன். விராலிமலையா? அப்ப ரொம்ப தூரம் கூட வர்றீங்க. நான் திருச்சி. அங்க ஒரு விழா, எனக்குப் பொன்னாடை போத்தப் போறாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். மாட்டுத்தாவணியில நின்னு ரெண்டு மூணு பஸ்ஸை விட்டுட்டுத்தான் இதுல ஏறினேன். போக மனசே இல்லை.

வீட்டுல யாரா? ஒரே பையன். அவங்க அப்பா போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. பையன் இஞ்சினியரு. கம்ப்யூட்டர் வேலை, வீட்லருந்தே பாக்குறான். ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, கொடுத்து வச்சவன்னு.

என் வேலையைக் கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. அழுகுறதுதான் வேலை. முன்னாடி தெருநாடகத்துல இருந்தேன். குடிக்காதே, கக்கூஸ் கட்டு, தண்ணியை மூடி வைன்னு ஊர் ஊராப் போயிப் போடுவாங்கல்ல, அது. டெங்குக் கொசுவாக்கூட நடிச்சிருக்கேன். ரெக்கை கட்டிக்கிட்டு வந்தா சின்னப் பயலுக கல்லை விட்டு எறிவாய்ங்க. அம்புட்டு நல்லா நடிப்பேன்.

அங்கன என்னைப் பாத்துட்டுத்தான் தணிகாசலம் சார் திருச்சிக்குக் கூப்பிட்டாரு. அவரு ஒரு பயிற்சி மையம் நடத்துறாரு. மனசு சரியில்லாம வர்றவங்களை உக்கார வச்சுப் பேசுறாங்கல்ல, கவுன்சிலருன்னு, அந்த வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு. படிக்கிறப்பவே நெசமாக் கஷ்டத்துல இருக்கிற ஆளுககிட்ட விட்டுப் பழக்க முடியாது பாத்துக்கிருங்க. அதனால கஷ்டத்துல இருக்கிற மாதிரி ஒரு ஆள் வேணும். அது நான்.

ஒரு கதை எழுதிக் குடுத்துட்டாங்க. எம் பேரு சாரதா. எம் மகன் கனடாவுல இருக்கான், போனே பண்றதில்லை, எனக்குத் தூக்கமில்லை. வருஷம் பூரா இதே கதைதான். ஒவ்வொரு பிள்ளையா எதுத்தாப்புல வந்து உக்காரும், நான் சொல்லி அழுவேன், அது ஆறுதல் சொல்லும். ஆறுதல்னா அய்யோ பாவம்னெல்லாம் சொல்லக்கூடாதாம். புத்திமதியும் கூடாதாம். கேக்கணும். ஒழுங்காக் கேக்குறாகளான்னு பின்னாடி உக்காந்து மார்க் போடுவாங்க.

இதுல தப்பு அந்தப் பொண்ணு மேலதான். அதை முதல்லயே சொல்லிர்றேன். இல்லைன்னா கதையைக் கேட்டுட்டு நீங்க என்னையத்தான் பேசுவீங்க.

ரெக்சிலின்னு பேரு. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரு, அவங்க அப்பா மீன் பிடிக்கப் போறவரு. ஒல்லியா இருக்கும். "உங்களுக்க", "எனக்க"ன்னு பேசும், மத்த பிள்ளைக எல்லாம் கேலி பண்ணும். அவ ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே கவுன்சிலர் வேலை தயாரா வச்சிருந்தாங்க. படிப்பு முடிச்ச சான்றிதழைக் கொண்டு போனாச் சேந்துக்கிரலாம். சாப்பிடுறப்ப அதைத்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. அப்பா கடலுக்குப் போயித் திரும்பாத பிள்ளைக அந்தப் பள்ளிக்கூடத்துல நெறைய இருக்காம். அதுக யாருகிட்டயும் பேசாதாம்.

அந்த வருஷம்தான் தணிகாசலம் சார் ஒரு குழு போட்டாரு. ஒரு கவுன்சிலருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும், என்னென்ன செய்யத் தெரியணும், எதுவரைக்கும் போகலாம்னு எழுதி வைக்கிறதுக்கு. காம்பிடன்சின்னு சொல்லுவாங்க. நான் தகுதின்னு சொல்லிக்கிருவேன். அந்தக் குழுவுல வர்றவங்க பக்கத்துலருந்தும் ஒரு ஆள் இருக்கணும்னு அவருக்கு ஆசை. ஆனா நெசமா வந்து அழுதுட்டுப் போனவங்க யாரு தங்கச்சி மீட்டிங்குல வந்து உக்காருவா? யாரும் வரலை. கடைசியில என்னையவே போட்டுட்டாங்க. "இத்தனை வருஷம் கிளையண்டா இருந்தவங்க நம்ம கலாவதியம்மாதான்"னாரு. கிளையண்டுன்னா ஆறுதல் தேடி வர்றவங்க. மேசையில என் முன்னாடி அட்டை நிறுத்தி வச்சாங்க, கிளையண்ட் பிரதிநிதின்னு. கொசுவா நடிச்சவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்க.

அவங்க பேசுறதைக் கேக்கணுமே நீங்க. எதுத்தாப்புல உக்காந்தவங்க அழுதா டிஷ்யூ பேப்பர் எடுத்து நீட்டலாமா கூடாதான்னு ஒரு காலைப்பொழுது பூரா சண்டை. நீட்டினா அழுகையை நிறுத்துன்னு சொல்ற மாதிரி ஆயிரும்னு ஒருத்தர். நீட்டலைன்னா கல்நெஞ்சும்பாங்கன்னு இன்னொருத்தர். கடைசியில என்னைக் கேட்டாங்க. "எனக்கு முந்தானை இருக்கு சார்"னேன். எல்லாரும் அதைக் குறிச்சுக்கிட்டாங்க.

சிவப்பு அட்டையும் அங்க வந்ததுதான். தணிகாசலம் சாரோட யோசனை. பரீட்சையில கிளையண்ட் கையில ஒரு சிவப்பு அட்டை இருக்கும். படிக்கிற பிள்ளை பேசுறது நம்ம மனசை நோகடிச்சா தூக்கிக் காட்டலாம். தூக்கினா பரீட்சை அதோட முடிஞ்சது, அந்தப் பிள்ளை ஃபெயிலு. ஏன் தூக்கினீங்கன்னு நம்மளை ஒரு வார்த்தை கேக்கக்கூடாது. நொந்து போனவங்களை மறுபடி கேள்வி கேட்டா அது இன்னொரு தடவை நோகடிக்கிறதாம். கேட்டப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நம்மளை இம்புட்டு மதிக்கிறாங்களேன்னு. நம்மளைன்னா, வர்றவங்களை.

மேலூர் தாண்டிட்டமா? நான் பேசிக்கிட்டே வர்றேன். தூங்கணும்னா சொல்லிருங்க.

சரி. அந்தப் பரீட்சை அன்னைக்கு. எனக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லை. உடம்புன்னா... தங்கச்சி, நான் ஏறின உடனே உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்ல, பையன் வீட்லருந்தே வேலை பாக்குறான்னு. அது தெருவுக்குச் சொல்றது. வாய் பழகிப்போச்சு. நவநீதன் படிப்பை முடிச்சான், வேலைக்கு எங்கெங்கயோ போயிட்டு வந்தான். ஒரு நாள் வந்து ரூமுக்குள்ள போனவன் கதவைச் சாத்திக்கிட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அந்தப் பரீட்சை வந்தப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. நான் வீட்டுல இல்லாதப்ப வெளிய வருவான் போல. எங்கிட்டப் பேச்சு இல்லை. சோத்தைத் தட்டுல போட்டு வாசப்படியில வச்சுட்டு வந்துருவேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா வெறுந்தட்டு இருக்கும். எடுத்துக் கழுவி வைப்பேன். அப்ப அதுதான் எங்களுக்குள்ள பேச்சு.

கேக்குறவங்களுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம். வேற என்னத்தச் சொல்ல?

அன்னைக்குக் காலையில போயிப் பாக்குறேன், முந்தின நாள் மத்தியானம் வச்ச தட்டு வச்சபடி இருக்கு. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. கதவைத் தட்டினேன், ஒண்ணும் இல்லை. உள்ள இருமினான். இருமினானேன்னு நிம்மதியாப் பஸ் ஏறிட்டேன். பரீட்சை இருக்கே, நான் போகலைன்னா அத்தனை பிள்ளைக பரீட்சையும் நின்னுருமே. கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?

நாலஞ்சு பிள்ளைக வந்துச்சு, போச்சு. சாரதா கதையைச் சொன்னேன், அழுதேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ரெக்சிலின் வந்து உக்காந்தா. பரீட்சைத் தாளைத் தொடையில வச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. "சொல்லுங்கக்கா"ன்னா, அம்புட்டுத்தான். மத்ததுக எல்லாம் ஏதேதோ மனப்பாடமாச் சொல்லி ஆரம்பிச்சதுக. இவ அதோட நிறுத்திட்டு சும்மா இருந்தா. நானும் கனடாவுல ஆரம்பிச்சேன். எங்க வழுக்குனேன்னு எனக்கே தெரியலை. "நேத்து வச்ச தட்டு அப்படியே இருக்கும்மா, அவன் சாப்பிடவே இல்லை"ன்னு வாயில வந்துருச்சு. வந்த பிறகு அழுகை நிக்க மாட்டேங்குது.

பின்னாடி உக்காந்திருந்தவங்க அசந்துட்டாங்க. கலாவதியம்மா இன்னைக்குப் பிரமாதம்னு அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பிள்ளை முன்னாடி சாஞ்சு உக்காந்துச்சா, கண்ணைப் பாத்துச்சா, கையை எங்க வச்சுச்சுன்னு பாத்து மார்க் போட்டுக்கிட்டு இருந்தாங்க. கனடாக் கதைக்குள்ள தட்டு எங்கருந்து வந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தோணலை.

அவ தாளை எடுத்துக் கீழ வச்சா. குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அக்கா, கனடாவுல இருக்கிற பையனுக்கு இங்க யாரு தட்டு வைப்பா?"ன்னா.

நான் முந்தானையை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

"உங்களுக்க பையன் வீட்டுலதானே இருக்கான்? அவனுக்க பேரு என்னக்கா?"

தங்கச்சி, ஒரு வருஷமா அவன் பேரை யாரும் எங்கிட்டக் கேட்டதில்லை. பையன் எப்படி இருக்கான், எம்புட்டுச் சம்பளம், எப்பக் கல்யாணம்னு கேப்பாங்க. பேரைக் கேக்க மாட்டாங்க. பின்னாடி அத்தனை பேரு. நாளைக்கே ஊரு பூராத் தெரிஞ்சுரும், ஆறுதல் சொல்லிக் குடுக்குற இடத்துல உக்காந்து இருக்கிறா, பெத்த மகன் கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்கான்னு. கை தன்னால போச்சு. அட்டையைத் தூக்கிட்டேன்.

தூக்கின உடனே கீழ போட்டுரலாம்னுதான் நெனைச்சேன். அதுக்குள்ள தணிகாசலம் சார் எந்திரிச்சு வந்து எந் தோள்ல கையை வச்சு, "ஒண்ணுமில்லைம்மா, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்"ன்னுட்டாரு. சொல்ல வேண்டாம்ன்னுட்டாரு, பாருங்க. சொல்லச் சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன்.

அப்புறம் விசாரணைன்னு ஒரு நாள் வச்சாங்க. குழு பூரா உக்காந்திருக்கு, நானும் அந்தக் கிளையண்ட் பிரதிநிதி அட்டைக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். ரெக்சிலின் நிக்கிறா. சாருக்கு அவ மேல பிரியம்தான், படிப்புல நல்ல பிள்ளை. "ஏம்மா, அப்படி என்னதான் கேட்டே? காரணம் சரியா இருந்தா உனக்கு மறுபரீட்சை வைக்கிறேன். சொல்லு"ன்னு கெஞ்சாத குறையாக் கேக்குறாரு.

"அதைச் சொல்லக்கூடாது சார்"னா.

"ஏன்?"

"அக்கா எங்கிட்டச் சொன்னது. அது அக்காவுக்க விஷயம்."

"அது நாங்க எழுதிக் குடுத்த கதைம்மா. அதுல என்ன ரகசியம்?"

அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இந்தப் பொம்பளை சொன்னது சொந்தக் கதை, அதனால கேட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. அவளுக்கு வேலை, எனக்கும் பாரம் விட்டுச்சு. சொல்லலை. சரி, என்னையத் திரும்பி ஒரு பார்வையாவது பாத்திருக்கலாம். பாத்திருந்தா எனக்குத் தாங்கியிருக்காது, நானே சொல்லியிருப்பேன். அதுவும் செய்யலை. நான் உக்காந்திருந்த பக்கமே திரும்பலை. என்ன பிடிவாதம் பாருங்க. அதான் சொல்றேன், தப்பு அவ மேலதான்.

இதுல ஒண்ணு கேளுங்க. கேட்டதை வெளிய சொல்லக்கூடாதுங்கிறதை அதே குழுதான் பெரிய தகுதின்னு முதல்ல எழுதி வச்சுச்சு. அவ அதைத்தான் செஞ்சுக்கிட்டு நின்னா. அங்க அது தெரிஞ்ச ஒரே ஆளு நான். மத்தவங்க, விளக்கம் சொல்ல மறுத்துட்டா, சான்றிதழ் இல்லைன்னு முடிச்சுட்டாங்க. அவ தானா எதையோ ஊகிச்சுக் கேட்டுத்தான் என்னை நோகடிச்சுட்டான்னு நெனைச்சு, புதுசா ஒரு தகுதியும் சேத்தாங்க. கவுன்சிலரு தன் ஊகத்தை வந்தவங்க மேல ஏத்தக்கூடாதுன்னு. சேக்கலாமான்னு என்னையும் கேட்டாங்க. தலையை ஆட்டினேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லலை தங்கச்சி. யாரும் கேக்கலை, நான் சொல்லலை, அம்புட்டுத்தான்.

அம்புட்டுத்தான்னு சொல்றேன், ராத்தூக்கம் போச்சு. சாரதாவுக்கு எழுதிக் குடுத்த தூக்கமின்மை எனக்கு நெசமா வந்துருச்சு.

விசாரணை நடந்த அன்னைக்குச் சாயங்காலம் மையத்து வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிறேன். ரெக்சிலின் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றா. திட்டப் போறான்னு நெனைச்சேன். திட்டட்டும்னு இருந்துச்சு. பக்கத்துல வந்து நின்னு, "அக்கா, தட்டை வச்சுட்டுப் போயிராதீங்கோ"ன்னா. "உங்களுக்கும் ஒரு தட்டுப் போட்டு கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து சாப்பிடுங்கோ. பேசாண்டாம். வெளிய வரச் சொல்லாண்டாம். சாப்பிட்டு எந்திரிச்சுப் போனாப் போரும். தினமும்."

பஸ் வந்துச்சு. நான் ஏறிட்டேன். சரின்னுகூடச் சொல்லலை.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்குப் போதும். நல்லாருப்பீங்க.

கொஞ்ச நாள் நான் அதைச் செய்யலை. ரோஷம். சின்னப் பிள்ளை எனக்குச் சொல்லிக் குடுக்குறதான்னு. அப்புறம் ஒரு நாள் சும்மா உக்காந்து பாத்தேன். தரையில, கதவு ஓரத்துல, தட்டை மடியில வச்சுக்கிட்டு. பக்கத்து வீட்டுக்காரி பாத்தா என்ன நெனைப்பான்னு முன்வாசல் கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். அவன் தட்டு உள்ள போச்சு. கதவுக்கு அங்கிட்டு அவன் மெல்லுற சத்தம் கேட்டுச்சு. எம் மகன் மெல்லுற சத்தத்தைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! பேசலை நான். பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாளே.

அப்படியே தெனமும் உக்காந்தேன். பங்குனி போச்சு, சித்திரைத் திருவிழாவும் வந்துருச்சு. அழகர் எறங்குறாருன்னு ஊரே ஆத்துக்குள்ள கெடக்கு, நான் கதவு ஓரத்துல கெடக்கேன். அன்னைக்குத்தான் உள்ளருந்து சத்தம் வந்துச்சு. "அம்மா, ரசத்துல உப்பு இல்லை."

அடுப்படிக்கு ஓடினேன் பாருங்க, வழியில அண்டாவைத் தட்டி விட்டு, உப்பு ஜாடியையே தூக்கிட்டு வந்தேன். கதவு லேசாத் திறந்து கை மட்டும் வெளிய வந்துச்சு. நகம் வெட்டாம நீளமா இருந்துச்சு. ஜாடியை வாங்கிக்கிட்டு, "நகவெட்டி இருக்கா?"ன்னு கேட்டான். நான் அழுத அழுகை எந்த மையத்துலயும் அழுததில்லை தங்கச்சி. ஆனா சத்தம் வராம அழுதேன்.

இப்ப கதவு சாத்துறதில்லை. வெளிய இன்னும் போகலை, முடி வெட்டிக்கலை. ஆனா கூடத்துல வந்து உக்காந்து சாப்பிடுறான். ரெண்டு வார்த்தை பேசுறான்.

ரெக்சிலினா? நாகர்கோவில்ல ஒரு ஜவுளிக் கடையில பில்லு போடுறாளாம். கூடப் படிச்ச பிள்ளை ஒண்ணு போன வாரம் எனக்குப் போன் பண்ணிச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் வேற ஆளைப் போடலையாம், ஸ்கூல் திறக்குற வரைக்கும் பாப்பாங்களாம். "கலாம்மா, நீங்க சாருகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்"னுச்சு. அதுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. சும்மா, எனக்கு அங்க செல்வாக்கு இருக்குன்னு சொல்லுது. இன்னைக்கு அந்தத் தகுதிகளைப் புத்தகமாப் போட்டு வெளியிடுறாங்க. பொன்னாடை போத்தி, கிளையண்ட் சார்புல நான் நாலு வார்த்தை பேசணும். மைக் என் கையில இருக்கும். இன்னைக்குச் சொன்னாத்தான் உண்டு. அதுக்கப்புறம் எல்லாரும் கலைஞ்சு போயிருவாங்க.

சொல்லணும்னுதான் காலையில எந்திரிச்சேன். சத்தியமா. பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டே மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். என் மகன் பேரு நவநீதன், அவனைக் கண்டுபிடிச்சது அந்தப் பிள்ளைன்னு. நல்லாத்தான் வந்துச்சு.

அப்ப அவன் வந்து கதவு நிலையில சாஞ்சு நின்னான். "எங்கம்மா போற?"ன்னான். விழாவுக்குன்னேன். "அம்மா, கதவுகிட்ட உக்காந்து சாப்பிடணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டான். "நீயா செஞ்சிருக்க மாட்ட. நீ கதவைத் தட்டுற ஆளு. சொன்னவங்க யாருன்னு சொல்லு, நான் அவங்ககிட்டப் பேசணும்"னான்.

நம்ம வீட்டு ஆளைத் தவிர வேற ஒருத்தர்கிட்டப் பேசணும்னு எம் பிள்ளை இத்தனை நாள்ல கேட்டது அது ஒண்ணுதான்.

"யாரும் சொல்லலைடா. பெத்தவளுக்குத் தெரியாதா?"ன்னுட்டேன்.

அவன் என்னைப் பாத்தான். அப்புறம் சிரிச்சான் தங்கச்சி. இத்தனை நாளும் நம்ம அம்மாவுக்கு நம்மளைப் புரியலைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேம்மான்னு சொல்லிச் சிரிச்சான். எனக்கு அது எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதை எப்படித் திருப்பிக் குடுப்பேன்?

ஆமா, விராலிமலைதான். எந்திரிங்க, டிரைவர் நிக்க மாட்டாரு. இந்தாங்க உங்க பை. என்ன கேட்டீங்க? மேடையில சொல்லுவேனான்னா? ஒத்தை ஆளு, நான் பெத்த பிள்ளை, எம் முன்னாடி நின்னு பேரைச் சொல்லும்மான்னு கேட்டுச்சு. அதுகிட்டயே சொல்லலையே தங்கச்சி நான்.